சாத்தான்குளம் வழக்கில் கோவில்பட்டி மாஜிஸ்திரேட் செய்தது என்ன?

2020 ஜூன் 22ஆம் தேதி இரவு கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் ஓர் இளைஞர் இறந்தார். மறுநாள் அதிகாலை அவருடைய தந்தையும் அதே மருத்துவமனையில் இறந்தார். இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சாத்தான்குளம் வணிகர்களான ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அந்தப் பெயர்களைத் தமிழகம் மறக்கவில்லை. ஆனால் அந்த இரு மரணங்களையும் வழக்கமான 'உடல்நலக் குறைவு' கணக்கில் எழுதி முடித்துவிடாமல் தடுத்தது எது என்பதை நம்மில் பலர் கவனிக்கவில்லை.

ஊடகம் பேசியது, வணிகர்கள் கடையடைத்தார்கள், சமூக வலைத்தளங்கள் கொதித்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் கொதிப்பு மட்டும் ஒரு கொலை வழக்கை உருவாக்கிவிடாது. அதற்குச் சட்டப்படி செல்லுபடியாகும் எழுத்து வேண்டும். அந்த எழுத்தைத் தந்தவர் கோவில்பட்டி முதலாவது குற்றவியல் நடுவர் எம்.எஸ்.பாரதிதாசன். நீதித்துறையின் ஏணியில் மிகக் கீழ்ப் படிகளில் ஒன்றில் இருந்த ஒரு மாஜிஸ்திரேட்.

அவர் என்ன செய்தார், எந்தச் சட்டத்தின் கீழ் செய்தார், அது ஏன் எல்லா ஊரிலும் நடப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்வது நம் ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் தேவையான அறிவு. வழக்கின் தீர்ப்பும் தண்டனையும் தனியாகப் பேச வேண்டிய விஷயங்கள். இங்கே நாம் பார்ப்பது முதல் பத்து நாட்களை மட்டும்.

நம் நாட்டில் மரண விசாரணை அதிகாரி யார்?

இலங்கையில் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்ற பதவி உண்டு. சந்தேகத்துக்குரிய மரணம் நடந்தால் அவர் வந்து பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் இதற்கென்று தனி நீதிமன்றமே இருக்கிறது. ஆங்கிலேயர்கள் 'கரோனர்' என்று அழைக்கும் இந்தப் பதவியை அவர்கள் இந்தியாவிலும் வைத்திருந்தார்கள். கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களுக்காக 1871இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். பம்பாயில் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அந்தப் பதவி நீடித்தது. இன்று இந்தியாவில் அது இல்லை.

அப்படியென்றால் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் யார் விசாரிப்பது? சாதாரண நிலையில் காவல்துறையே பிரேத விசாரணை நடத்துகிறது. கிணற்றில் விழுந்தவர், விபத்தில் சிக்கியவர், தூக்கில் தொங்கியவர் என்றால் இந்த முறை ஓரளவு போதும். ஆனால் இறந்தவர் காவல்துறையின் பிடியிலேயே இறந்திருந்தால்? குற்றம் சாட்டப்படும் துறையே சடலத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது எப்படிச் சரியாகும்?

நீண்ட காலம் இதற்குக் கோட்டாட்சியர் விசாரணையே பதிலாக இருந்தது. ஆர்.டி.ஓ. வருவார், விசாரிப்பார், அறிக்கை அரசிடம் போகும். அவரும் அரசு நிர்வாகத்தின் ஓர் அங்கம் என்பதால் மக்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. எனவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து 176(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். காவலில் ஒருவர் இறந்தாலோ, காணாமல் போனாலோ, காவலில் இருக்கும் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் வந்தாலோ, போலீஸ் விசாரணை போக, நீதித்துறை மாஜிஸ்திரேட் ஒருவர் தனியாக விசாரித்தே ஆக வேண்டும். இதில் 'விரும்பினால்' என்ற பேச்சுக்கே இடமில்லை. உடலை 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது.

அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2006 ஜூன் 23. ஜெயராஜ் இறந்தது 2020 ஜூன் 23. சட்டம் பிறந்து சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த அதே நாளில்தான் கோவில்பட்டியில் அதற்குச் சோதனை வந்தது.

இரண்டு கையெழுத்துகள்

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். கொரோனா ஊரடங்கு நேரம். ஜூன் 19ஆம் தேதி மாலை, அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்ற பிரச்சினையில் ஜெயராஜைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தந்தையைத் தேடிப் போன பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். இரவு முழுவதும் அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று வாங்கப்பட்டது. பிறகு சாத்தான்குளம் மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவுடன், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் கரிசல் காட்டு ஊரான கோவில்பட்டியின் கிளைச் சிறைக்கு இருவரும் கொண்டுபோகப்பட்டார்கள். அருகில் வேறு சிறைகள் இருக்க இவ்வளவு தூரம் ஏன் என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

முதல் தகவல் அறிக்கையில், இருவரும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டதாக எழுதப்பட்டிருந்தது. இறந்த பிறகு மூச்சுத்திணறல், காய்ச்சல் என்று காரணம் சொல்லப்பட்டது.

இதில் ரிமாண்ட் என்ற கட்டத்தில் நாம் நிற்க வேண்டும். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. எதற்காக? கைதியின் முகத்தைப் பார்த்து, "உன்னை அடித்தார்களா? காயம் இருக்கிறதா? வீட்டுக்குத் தகவல் போனதா?" என்று கேட்க, போலீஸ் அல்லாத ஒருவர் வேண்டும் என்பதற்காக. காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு அதுதான். அந்தக் கதவு ஜூன் 20இல் வேலை செய்யவில்லை. மாஜிஸ்திரேட் தம் வீட்டு மாடியில் நின்றபடியே, காயங்களை அருகில் பார்க்காமல் ரிமாண்ட் செய்தார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. ஊரடங்கு, நோய்த்தொற்று அச்சம் என்று ஆயிரம் காரணங்கள் சொல்லலாம். ஆனால் இரண்டு உயிர்கள் அந்தக் கையெழுத்தைக் கடந்துதான் சிறைக்குப் போயின.

எட்டு நாட்கள் கழித்து, அதே மாவட்டத்தில், அதே படிநிலையிலுள்ள இன்னொரு மாஜிஸ்திரேட் அதே காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். இருவரும் படித்த சட்டம் ஒன்று. அதிகாரம் ஒன்று. ஒருவர் வாசலில் வந்தவர்களைப் பார்க்கவில்லை என்று குற்றச்சாட்டு. மற்றவர் 100 கிலோமீட்டர் பயணம் செய்து போய்ப் பார்த்தார். சாத்தான்குளம் வழக்கின் முழுப் பாடமும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

ஜூன் 28: காவல் நிலையத்துக்குள்

ஜூன் 24 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு அதைக் கண்காணித்தது. உடற்கூறாய்வு திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மருத்துவர் குழுவால், வீடியோ பதிவுடன் நடந்தது. மரணம் நிகழ்ந்த இடத்தின் மாஜிஸ்திரேட் என்ற முறையில் விசாரணைப் பொறுப்பு பாரதிதாசனிடம் இருந்தது. அவர் கிளைச் சிறையிலும் குடும்பத்தாரிடமும் விசாரித்தார். பிறகு உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலோடு சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கே போனார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்பை அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கை சொல்கிறது. மூத்த அதிகாரிகள் இருவர் நிலைய வளாகத்தில் இருந்தும் ஒத்துழைக்கவில்லை. கேட்ட ஆவணங்கள் உடனே வரவில்லை. ஒரு காவலர் அவரை இழிவான சொல்லால் ஒருமையில் பேசினார். விசாரணை நடத்த வந்த நீதித்துறை அதிகாரிக்கே இந்த நிலை என்றால், ஜூன் 19 இரவு அங்கே இருந்த ஒரு கடைக்காரருக்கு என்ன நிலை என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

அவர் கோபப்பட்டுத் திரும்பிவிடவில்லை. பயந்தும் திரும்பவில்லை. மூன்று காரியங்களைச் செய்தார்.

முதலாவது, கேமரா பதிவுகளைக் கேட்டார். ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் இருந்தும், ஒவ்வொரு நாள் பதிவும் தானாகவே அழிந்துவிடும்படி கணினி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். பதிவு இல்லை என்பதையே ஒரு சாட்சியமாக்கினார்.

இரண்டாவது, அங்கே பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதியிடம் வாக்குமூலம் பெற்றார். இரவு முழுவதும் இருவரும் அடிக்கப்பட்டார்கள், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அவற்றை அழிப்பதற்கு முன் கைப்பற்றுங்கள் என்று அவர் சொன்னார். சொல்லும்போது அவர் பயந்தார். கையெழுத்துப் போடத் தயங்கினார். வெளியே நின்ற சக காவலர்களின் மிரட்டலும் கேலியும் அதற்குக் காரணம். அந்தப் பயத்தையும் தயக்கத்தையும் மாஜிஸ்திரேட் சேர்த்தே பதிவு செய்தார். ரேவதிக்குப் பாதுகாப்பு அளிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு அந்தப் பதிவே அடிப்படை.

மூன்றாவது, லத்திகளைக் கேட்டார். கொடுக்க மறுத்தார்கள், இழுத்தடித்தார்கள். விடாமல் கேட்டு வாங்கினார். யார் கொடுத்தார், யார் மறுத்தார் என்பதையும் எழுதினார்.

இவற்றில் எதுவும் வீர சாகசம் அல்ல. போய்ப் பார்த்தல், கேட்டல், கேட்டதை எழுதுதல். ஒரு மரண விசாரணை அதிகாரியின் வேலை இவ்வளவுதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். மறுநாள் ஜூன் 29 அன்று, காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தியாவில் அபூர்வமாக நடக்கும் செயல் இது. மூன்று போலீசார் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 30 அன்று, உடற்கூறாய்வையும் மாஜிஸ்திரேட்டின் அறிக்கையையும் வைத்து, கொலை வழக்குப் பதியப் போதிய முகாந்திரம் இருப்பதாக நீதிமன்றம் கூறியது. சி.பி.சி.ஐ.டி. களமிறங்கி, ஜூலை முதல் தேதியிலிருந்து கைதுகள் தொடங்கின. பிறகு சி.பி.ஐ. வந்தது, செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. கைதான பத்துப் பேரில் ஒருவர் கொரோனாவால் இறந்துவிட, ஒன்பது போலீசார் மீதான வழக்கு மதுரை நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. அந்த நீண்ட வழக்கின் அடித்தளக் கற்களில் ஒன்று ஜூன் 28இல் வைக்கப்பட்டது.

ஏன் எல்லா மாஜிஸ்திரேட்டும் இப்படிச் செய்வதில்லை?

தனிமனிதரைப் புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் நல்ல மனிதர் கிடைத்தால் நீதி, கிடைக்காவிட்டால் இல்லை என்றால் அது சட்டத்தின் ஆட்சி அல்ல, அதிர்ஷ்டத்தின் ஆட்சி.

ஒரு சிறிய ஊரின் மாஜிஸ்திரேட் தினமும் வேலை செய்வது யாரோடு? அதே ஊர் போலீசோடு. ரிமாண்டுக்குக் கொண்டுவருவது அவர்கள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது அவர்கள், சாட்சிகளை அழைத்து வருவது அவர்கள், நீதிமன்ற வாசலில் காவலுக்கு நிற்பதும் அவர்கள். இந்த அன்றாட நெருக்கத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் மெல்லத் தேய்ந்துவிடுகிறது. நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவது வழக்கமாகிவிடுகிறது. பாரதிதாசன் சாத்தான்குளம் போலீசோடு அன்றாடம் புழங்கியவர் அல்ல. வேறு எல்லைக்குட்பட்டவர். முதுகுக்குப் பின்னால் உயர் நீதிமன்றம் நின்றது. இந்த இரண்டும் சேர்ந்ததால் அவருடைய நேர்மைக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. எனவே காவல் மரண விசாரணையை, சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தோடு அன்றாடத் தொடர்பு இல்லாத மாஜிஸ்திரேட்டிடம் ஒப்படைப்பதைப் பொது விதியாகவே ஆக்க வேண்டும் என்பது இந்த வழக்கிலிருந்து கிடைக்கும் முதல் சீர்திருத்தக் கோரிக்கை.

இரண்டாவது, கட்டாயம் என்று எழுதப்பட்ட சட்டமே பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. காவல் மரணங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில்தான் நீதித்துறை விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது என்று, அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களை வைத்தே உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப்பட்டது. அது சாத்தான்குளம் சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்புதான்.

மூன்றாவது, மாஜிஸ்திரேட்டின் அறிக்கைக்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. உயர் நீதிமன்றம் கண்காணித்தால் அது கொலை வழக்காகிறது. கண்காணிக்காவிட்டால் கோப்பில் தூங்குகிறது.

மீண்டும் ஒரு ஜூன் 28

பாடம் கற்றோமா? பாரதிதாசன் காவல் நிலையத்துக்குள் நுழைந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 28 அன்று, சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் தாக்குதலில் இறந்தார். நகை காணவில்லை என்ற ஒரு புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட 27 வயது இளைஞர். உடலில் 40க்கும் மேற்பட்ட காயங்கள். முறையாகக் கைது செய்து எந்த மாஜிஸ்திரேட் முன்பும் அவர் நிறுத்தப்படவில்லை. சாத்தான்குளத்தில் வேலை செய்யாத கதவு, திருப்புவனத்தில் திறக்கப்படவே இல்லை.

ஆனால் இறப்புக்குப் பிந்தைய நடைமுறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. மதுரைக் கிளை தாமதிக்காமல் மாவட்ட நீதிபதி ஜான் சுந்தர்லால் சுரேஷை விசாரிக்கச் சொன்னது. அவர் நேரில் போய்ச் சாட்சிகளை விசாரித்து, ஒரு வார காலத்தில் அறிக்கை தந்தார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் காட்டிய வழி நிலைபெறத் தொடங்கியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். இறந்த பிறகு மட்டும் விழித்துக்கொள்ளும் நீதி பாதி நீதிதான் என்ற கசப்பும் கூடவே இருக்கிறது.

நம் ஜமாஅத்துகள் அறிய வேண்டியவை

இது கிறிஸ்தவ வணிகர் குடும்பத்துக்கும் கோயில் காவலாளியின் குடும்பத்துக்கும் நேர்ந்தது, நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டாம். லத்திக்கு மதம் தெரியாது. சிறை வாசல்களில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற அனுபவம் நம் சமுதாயத்துக்கும் குறைவில்லை.

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. மய்யித்தைத் தாமதிக்காமல் அடக்கம் செய்ய வேண்டும், உடலை அறுக்கக் கூடாது என்ற உணர்வு ஆழமானது. அது நல்ல உணர்வு, மரியாதையின் பாற்பட்டது. ஆனால் காவலில் ஒருவர் இறக்கும்போது, இந்த உணர்வையே பயன்படுத்தி, "சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய் அடக்குங்கள்" என்று குடும்பத்தை அவசரப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் மண்ணுக்குள் போனால் முதல் சாட்சியும் போய்விடும். குற்றத்தைக் கண்டறிவதற்காக உடற்கூறாய்வு செய்வதை, தேவையின் அடிப்படையில் உலகின் பல ஃபிக்ஹு அவைகள் அனுமதித்திருக்கின்றன. உயிரைப் பறித்தவனின் தடயத்தைக் காப்பதும் இறந்தவருக்குச் செய்யும் கடமைதான்.

இன்னொன்று. மய்யித்தைக் குளிப்பாட்டுபவர், அந்த உடலில் கண்ட குறைகளை வெளியே சொல்லக் கூடாது என்பது நாம் கற்ற ஒழுக்கம். அது இறந்தவரின் மானத்தைக் காப்பதற்கு. அநியாயக்காரன் ஏற்படுத்திய காயத்தை மறைப்பதற்கு அல்ல. அடிபட்ட தழும்பைக் கண்டவர் அதை உரிய இடத்தில் சொல்வது சாட்சியம். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்பது நம் சிறுவர்களுக்கும் தெரியும்.

2024 ஜூலை முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 176(1ஏ) இப்போது அதன் 196ஆம் பிரிவில் இருக்கிறது. எண் மாறினாலும் உரிமை மாறவில்லை. எனவே இப்படி ஒரு துயரம் நேர்ந்தால்:

• அந்தப் பகுதி நீதித்துறை மாஜிஸ்திரேட்டிடம், 196ஆம் பிரிவின்படி விசாரணை வேண்டும் என்று எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். ஆர்.டி.ஓ. விசாரணையோடு திருப்தி அடைய வேண்டாம்.

• அந்த விசாரணையின்போது உடனிருக்கப் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவிக்குச் சட்டமே இடம் தருகிறது. அதைக் கேட்டுப் பெறுங்கள்.

• உடற்கூறாய்வை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1995இலேயே மாநிலங்களுக்கு இதை வலியுறுத்தியிருக்கிறது.

• காவல் நிலையக் கேமரா பதிவைப் பாதுகாக்கும்படி அன்றே எழுதிக் கொடுங்கள். பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும், குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

• இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது ஒரு வழக்கறிஞர் அங்கே இருக்க ஏற்பாடு செய்யுங்கள். வசதி இல்லாவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவசமாகக் கேட்கலாம். கைதானவரிடம், "அடித்திருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்" என்று சொல்லி அனுப்புங்கள். இறந்த பின் செய்யும் விசாரணையைவிட உயிரோடு இருக்கும்போது கேட்கும் ஒரு கேள்வி மேலானது.

நம் பிள்ளைகளில் பட்டம் பெற்றவர்கள் இன்று வெளிநாட்டு வேலையையும் கணினித் துறையையும் தேடுகிறார்கள். தவறில்லை. ஆனால் சட்டம் படித்து, மாநிலத் தேர்வு எழுதி, ஒரு தாலுகா ஊரில் மாஜிஸ்திரேட்டாக உட்காரும் பணியை எத்தனை குடும்பங்கள் கனவு காண்கின்றன? அந்த நாற்காலியில் பெரிய சம்பளமும் இல்லை, பெரிய புகழும் இல்லை. மாலை நேரத்தில் வாசலுக்குக் கொண்டுவரப்படும் ஒரு கைதியின் முதுகைத் திரும்பிப் பார்க்கச் சொல்லும் அதிகாரம் மட்டும் உண்டு. பதவி ஓர் அமானிதம் என்று மிம்பர்களில் நாம் சொல்வதன் பொருள் இதுதான். அந்த ஒரு பார்வையில் ஓர் உயிர் பிழைக்கலாம்.